சுவரில் அப்பா, கீழே நெருப்பு

1

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் பயர்பிளேஸ் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். வீட்டின் ஹோலில், சுவருக்குள்ளே, ஒரு அடுப்பு. சமைப்பதற்கு அல்ல. முன்னால் இருந்து பார்ப்பதற்கு. ஒரு காலத்தில் இந்த நாட்டில் அதில் விறகு எரித்துக் குளிர் காய்ந்தார்களாம். இப்போது வீட்டைச் சூடாக்கக் கீழே பேஸ்மன்டில் ஒரு மெசின் இருக்கிறது. ஆனாலும் சுவரில் அடுப்பு வேண்டும். காஸில் எரியும் அந்த அடுப்புக்குள் சீமெந்தில் செய்த பொய் விறகு அடுக்கியிருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது பொய் என்று தெரியும், ஆனாலும் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு ஆசையாகப் பார்ப்பார்கள்.

பதினாறு வருடங்களுக்கு முன் கனடாவில் ரூஜ் என்ற பகுதியில் நாங்கள் வீடு வாங்கியபோது இது வீட்டோடு வந்தது. சிவப்புச் செங்கல் மாதிரி ஒட்டிய சுவர், மஞ்சள் பித்தளைக் கரை வைத்த கண்ணாடிக் கதவு. என் மனைவி சுகந்தி அதன் முன்னால் அரிசிப் பைகள் இரண்டையும் வெங்காய மூட்டையையும் கொண்டுவந்து வைத்தாள். மேலே இருந்த தட்டில் கார்ச் சாவி, பிரிக்காத கடிதங்கள், ஒரு கால் உடைந்த மூக்குக்கண்ணாடி. அதற்கும் மேலே தமிழ்க் கடைக் கலண்டர். வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. வந்தவர்கள் எல்லாரும் எங்கள் ஆட்கள், அவர்கள் வீட்டிலும் அப்படித்தான்.

இந்தப் பதினாறு வருடத்தில் நான் அதை ஒருமுறைகூட மூட்டவில்லை. யாராவது கேட்டால் பழசு, நம்ப ஏலாது என்று சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் வீட்டுக்குள் நெருப்பு எழும்பி எரிவதை என்னால் பார்க்க முடியாது. அதற்குக் காரணம் என் அப்பா.

2

நான் ஒற்றைப் பிள்ளை. அம்மா நான் படிக்கிற காலத்திலேயே போய்விட்டா. அப்பாவைத் தனியே விட்டுவிட்டுத்தான் கனடா வந்தேன். போ என்று விரட்டியதும் அவர்தான். வந்து ஒரு வருடம் முடியவில்லை, அவர் இறந்துபோனார்.

அப்போது நான் டோர்செட் பார்க்கில் ஒரு அடுக்குமாடியில் ஆறு பேரோடு ஒரே வீட்டில் இருந்தேன். அகதி வழக்கு முடியவில்லை. கையில் கடவுச்சீட்டு இல்லை. இருந்திருந்தாலும் ஊருக்குப் போகப் பாதை இல்லை. செய்தி என் காதுக்கு வருவதற்கு முன்பே வழக்கு விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். விசாரணை செய்த பெண் அலுவலர் தாள்களைப் புரட்டிக்கொண்டே, "தகப்பனார் இருக்கிறாரா?" என்று கேட்டார். "ஓம், இருக்கிறார்" என்று நான் உறுதியாகச் சொன்னேன். அன்று அப்பா இறந்து பதினொரு நாள்.

யாரோ கொழும்புக்குக் கொண்டுவந்து தபாலில் போட்ட கடிதம் ஒன்று அடுத்த மாதம்தான் வந்தது. எழுதியவர் குணமண்ணை. என் பெரியப்பாவின் மகன், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அப்பாவுக்குப் பக்கத்து வளவில் இருந்தவர். "ஆமி வருகிறதென்று சனம் எல்லாம் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று காலை சித்தப்பா நித்திரையிலேயே போய்விட்டார். மற்றவர்கள் ஓட ஓட நாங்கள் நின்று, ஊர்ச் சுடலையில் எல்லாம் முறைப்படி முடித்துக்கொண்டுதான் கிளம்பினோம். உன் இடத்தில் நின்று நான் கொள்ளி வைத்தேன். நீ ஒன்றுக்கும் யோசியாதே" என்று எழுதியிருந்தார்.

வழக்கறிஞரிடம் ஓடினேன். விசாரணையில் சொன்னது பிழை என்றாகிவிட்டதே. அவருடைய மொழிபெயர்ப்பாளர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போது இறந்தார், எங்கே, புதைத்ததா எரித்ததா. எரித்தது என்று சொன்னேன். அவர் எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன்.

குணமண்ணைமீது எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமைதான் வந்தது. தகப்பனுக்குக் கொள்ளி வைப்பது பிள்ளையின் வேலை. அதிலும் எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அந்த ஒரேயொரு வேலையையும் இன்னொருவர் செய்து முடித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறார். அன்றிலிருந்து எங்கே நெருப்பு எழும்பினாலும் நான் பார்க்காத அந்தச் சிதை கண்ணுக்குள் வந்துவிடும். அதன் பக்கத்தில் குணமண்ணையின் கை தெரியும். முப்பது வருடமாக அந்தச் சிதையை நான் மனதில் எரித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன் அவருடைய மகன் அவரை ஸ்பொன்சர் பண்ணி, எங்களுக்குக் கிட்ட உள்ள அஜக்ஸுக்குக் கூப்பிட்டான். கல்யாண வீடுகளில் காண்போம். "எப்பிடித் தம்பி", "இருக்கிறன் அண்ணை." அவ்வளவுதான். ஒவ்வொரு வருடமும் அப்பாவின் திவசத்துக்குச் சுகந்தி அவருக்கு அழைப்புச் சொல்வாள். ஒரு வருடம் முழங்கால் வலி, ஒரு வருடம் பனி, ஒரு வருடம் பேரப்பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. அவர் வரவில்லை என்றதும் எனக்கு ஆறுதலாகத்தான் இருக்கும்.

3

இப்போது சுவருக்கு வருகிறேன்.

என் மகள் அபிக்கு இருபத்தாறு வயது. விற்கப் போகிற வீடுகளை விற்பதற்கு முன் அழகுபடுத்திக் கொடுக்கிற வேலை செய்கிறாள். மற்றவர்களின் வீட்டுச் சுவர்களைப் பார்த்துப் பார்த்து எங்கள் சுவரைக் கண்டால் அவளுக்குத் தலையிடி. வருகிற வசந்தகாலத்தில் டவுன்டவுனில் தனியாக வீடு எடுத்துப் போகப்போவதாக ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். நானும் சுகந்தியும் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"கவலைப்படாதேங்கோ. போக முதல் அந்த பயர்பிளேஸ் சுவரை வடிவாக்கித் தந்திட்டுத்தான் போவன்" என்றாள்.

"அதுக்கு என்ன குறை இப்ப?" என்றேன்.

"அப்பா, சீரியஸ்லி? அரிசி பாக் நிக்குது அதுக்கு முன்னால."

பிறகு மூன்று கிழமை வீடு வீடாக இருக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போக எழும்பி வந்தால் ஹோல் முழுக்க டைல் பெட்டிகள். பக்கச் சுவரில் ஏழு இடத்தில் ஏழு விதமான வெள்ளை பூசியிருந்தாள். எல்லாம் ஒரே வெள்ளைதான் என்று நான் சொல்ல, பாவமாக என்னைப் பார்த்தாள். சுகந்திக்குப் பளபளக்கிற கல் வேண்டும், தங்கக் கலரில் ஒரு கரை வேண்டும், நடுவில் பெரிய ரீவீ வேண்டும். நெருப்புக்கு மேல் ரீவீ கொழுவுவது தன் தொழிலில் பெரிய பாவம் என்றாள் அபி.

"அப்ப நாடகம் நான் எங்கை இருந்து பாக்கிறது?"

"பேஸ்மன்டில பாருங்கோம்மா."

அஜக்ஸிலிருந்து வந்த எங்கள் ஆள் ஒருவர்தான் சுவர் வேலை செய்தார். அவர் சண்டைக்கு நடுவே வந்து மாட்டிக்கொண்டு, "தங்கச்சி சொல்லுறது சரி அக்கா, ரீவீக்கு வெக்கை கூடாது" என்று பிள்ளையின் பக்கம் சாய்ந்தார். அன்று அவருக்குத் தேத்தண்ணி கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

கடைசியில் அபி நினைத்தபடியே முடிந்தது. நிலத்திலிருந்து கூரை வரைக்கும் ஒடுக்கமான கருஞ்சாம்பல் கல். நடுவே குறுக்காகத் தடித்த மரத்தட்டு ஒன்று. பழைய கண்ணாடிக் கதவுக்குப் பதிலாகப் புது அடுப்பு, மூட்டவும் நிப்பாட்டவும் ஒரு றிமோட். காஸ் வேலைக்காரர் வந்து குழாய்களைச் சோதித்து, தாளில் கையெழுத்து வைத்து, எரித்துக் காட்டுகிறேன் என்றார். நான் பனி அள்ளும் சவளைத் தேடுகிற சாட்டில் கராஜுக்குப் போய் நின்றேன். அவர் வான் ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே வந்தேன்.

4

அந்தச் சனிக்கிழமை அபி என்னைக் கண்ணை மூடச் சொல்லி, கையைப் பிடித்து ஹோலுக்குக் கூட்டிவந்தாள். திறந்தால் சுவரில் அப்பா.

அப்பாவுடையது என்று என்னிடம் ஒரேயொரு படம்தான் இருக்கிறது. அடையாள அட்டைக்கு எடுத்த முத்திரை அளவுப் படம். நான் கிளம்பும்போது என் சட்டைப் பைக்குள் அவரே வைத்துவிட்டது. அதைக் கொஞ்சம் பெருப்பித்து, பிளாஸ்டிக் மாலை போட்டு, சிவப்புப் பல்ப் ஒன்றும் வைத்து எங்கள் படுக்கை அறையில் தெற்குப் பார்க்கக் கொழுவியிருந்தோம். அபி எங்களுக்குத் தெரியாமல் அதைக் கழற்றிக் கொண்டுபோய், ஒரு ஆள் உயரத்தில் பாதி வரும் அளவுக்குத் துணியில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். மாலை இல்லை, பல்ப் இல்லை, சட்டமும் இல்லை. கருஞ்சாம்பல் கல்லில் அப்பாவின் முகம் மட்டும்.

சுகந்திதான் முதலில் வாய் திறந்தாள். "ஐயோ பிள்ளை, நெருப்புக்கு மேல ஆரும் செத்த ஆளின்ர படம் வைப்பினமோ?"

"எல்லாரும் அங்கதான் வைப்பினம் அம்மா. வீட்டில முக்கியமான இடமே அதுதான்."

"அது வெள்ளைக்காரருக்கு. எங்கடை ஆக்களை நாங்கள் நெருப்பிலை வைக்கிறது ஒருக்காத்தான்."

அபிக்கு அது விளங்கவில்லை. அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பப்பாவை நான் காணவே இல்லைதானே. நான் போனாப் பிறகு நீங்கள் ரெண்டு பேரும் தனிய இருப்பியள். அவர் உங்களைப் பாத்துக்கொள்ளட்டும் எண்டுதான்..." என்று இழுத்தாள். கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு கழற்று என்று எப்படிச் சொல்ல? நல்லா இருக்கு என்றேன்.

நல்லாக இருக்கவில்லை. சின்னப் படத்தில் அப்பா கண்டிப்பான ஆளாகத் தெரிவார். பெருப்பித்த படத்தில் கண்டிப்பு எல்லாம் கரைந்து, எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற முகமாக வந்துவிட்டது. காலையில் தேத்தண்ணியோடு படியிறங்கி வந்தால் அந்த முகம். வேலை முடிந்து 401 நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வந்து கதவைத் திறந்தால் அந்த முகம். நான் சாப்பாட்டு மேசையில் இடம் மாறி இருந்தேன். அந்தப் பார்வை முதுகில் தெரிந்தது. ஒருநாள் அலுமாரியில் தேடிப் பிடித்துப் பழைய மாலையைக் கொண்டுவந்து போட்டேன். பின்னேரம் பார்த்தால் அபி அதைக் கழற்றி மடித்து வைத்திருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. ஐம்பத்தைந்து வயது ஆள், சொந்தத் தகப்பனின் படத்துக்குப் பயப்படுகிறேன் என்று யாரிடம் சொல்வது?

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அப்பா கடைசியாக எப்படிப் போனார், நான் இல்லாத குறை இல்லாமல் அனுப்பிவைத்தார்களா. கேட்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரிடம் நான் முப்பது வருடமாகக் கேட்கவில்லை.

5

இந்த வருடத் திவசத்துக்குக் குணமண்ணை வந்தார். மகன் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். அன்று காலைதான் இந்த வருடத்தின் முதல் பனி கொட்டியிருந்தது. சப்பாத்தைக் கழற்றவே அவருக்கு ஐந்து நிமிடம் எடுத்தது. நல்லாக உடைந்துபோயிருந்தார்.

அப்பாவின் படத்துக்குக் கீழே சின்ன மேசை போட்டு, வாழையிலையில் படையல் வைத்திருந்தோம். குணமண்ணை படத்தை நிமிர்ந்து பார்க்காமல் கும்பிட்டுவிட்டு, சுவருக்கு முதுகு காட்டுகிற சோபாவில் போய் இருந்தார். சாப்பிட்டோம். மேசையை எடுத்து ஓரமாக வைத்தோம். சுகந்தி பாயசம் கொண்டுவந்தாள்.

அபிக்குத் தன் சுவரை ஒரு புது ஆளுக்குக் காட்டாமல் இருக்க முடியவில்லை. "பெரியப்பா, இஞ்ச திரும்பிப் பாருங்கோ" என்று றிமோட்டை அமத்தினாள்.

தும் என்று ஒரு சத்தம். அடுப்பின் அகலத்துக்கு நெருப்பு எழுந்தது. கொஞ்ச நேரத்தில் மரத்தட்டுக்கு மேலே காற்று சூடாகி நெளியத் தொடங்கியது. அந்த நெளிவில் அப்பாவின் முகம் அசைந்தது. வாய் திறக்கப் போகிறது போல இருந்தது. நான் சோபாக் கையை இறுக்கிப் பிடித்தேன்.

குணமண்ணை எழும்பிவிட்டார். பாயசக் கோப்பை கம்பளத்தில் விழுந்தது. "அணை பிள்ளை! உந்த நெருப்பை அணை!" என்று கத்தினார்.

அபி பயந்துபோய் அணைத்தாள். "நான் அப்பவே சொன்னன், படத்தை அங்கை வைக்காதை எண்டு" என்றாள் சுகந்தி.

"படம் இல்லைப் பிள்ளை, படம் இல்லை" என்று அவர் தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, நான் உனக்கு எழுதினது பொய்யடா."

"எது?"

"எல்லாம். சித்தப்பா வீட்டிலை சாகேல்லை. நான் கொள்ளி வைக்கேல்லை. ஒருத்தரும் வைக்கேல்லை."

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நடக்க ஏலாது அவருக்கு. சைக்கிள் கரியரிலை இருத்தி, விழாமல் சீற்றோடை சேத்து வேட்டியாலை கட்டிப்போட்டுத் தள்ளிக்கொண்டு நடந்தன். மழையெண்டா மழை. முன்னுக்கும் சனம், பின்னுக்கும் சனம். ஒரு அடி வைக்கக் கால் மணித்தியாலம். கதைச்சுக்கொண்டுதான் வந்தவர். உன்னைப் பற்றித்தான். அவன் அங்கை குளிருக்கு என்னத்தைப் போடுறானோ, சமைக்கவும் தெரியாது எண்டு. பிறகு கதைக்கேல்லை. களைச்சுப்போனார் எண்டு நினைச்சன். எவ்வளவு தூரம் அப்பிடித் தள்ளினனோ தெரியாது. பக்கத்திலை வந்த மனுசி ஒண்டுதான் சொல்லிச்சுது, தம்பி, ஐயாவை ஒருக்காப் பாருங்கோ எண்டு."

சுகந்தி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

"றோட்டுக் கரையிலை ஆரின்ரையோ காணி. முகம் தெரியாத நாலு பேர் சேந்து கிடங்கு வெட்டித் தந்தவை. எரிக்க விறகுக்கு எங்கை போக? நெருப்பையாவது ஒருக்காக் காட்டிப்போட்டு மூடுவம் எண்டு நெருப்புப் பெட்டியை எடுத்தன். நனைஞ்சு போச்சு. ஒரு குச்சி பத்தேல்லை. பக்கத்திலை நிண்டவையிட்டை வாங்கினன். அதுவும் பத்தேல்லை. பின்னாலை சனம் நட நட எண்டு கத்துது. அப்பிடியே மூடிப்போட்டு நடந்தன் தம்பி. ஆறு மாசத்தாலை திரும்பி வந்து தேடினன். இடம் பிடிபடேல்லை. பிறகும் ரெண்டு மூண்டு தரம் போனன். எல்லாக் காணியும் ஒரே மாதிரித்தான் கிடந்துது."

"ஏன் அண்ணை அப்பிடி எழுதினீங்கள்?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. சண்டைக்குப் போகிற குரல்.

"நீ ஒற்றைப் பிள்ளை. ஆரும் இல்லாத இடத்திலை கிடக்கிறாய். என்னெண்டு எழுதச் சொல்லுறாய்? நீயாவது நித்திரை கொள்ளட்டும் எண்டு நினைச்சன்."

நான் நித்திரை கொள்ளவில்லை. அதை அவருக்குச் சொல்லவில்லை. எனக்கு அவரில் கோபம், அவரைக் கட்டிப்பிடித்து அழவும் ஆசை, இரண்டும் ஒன்றாக வந்தன. இல்லாத ஒரு நெருப்பைப் பார்த்து இத்தனை வருடம் பொறாமைப்பட்டிருக்கிறேன். அப்பா எங்கேயோ ஒரு தெருக்கரையில் ஈர மண்ணுக்குள் கிடக்கிறார். கனடா அரசாங்கத்திடம் எங்கோ ஒரு கோப்பில் அவர் எரிக்கப்பட்டார் என்று என் கையெழுத்தோடு இருக்கிறது. அபி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தமிழில் பாதிதான் அவளுக்குப் பிடிபட்டிருக்கும். ஆனால் அழுதுகொண்டிருந்தாள்.

"ஐ'ம் சொறி அப்பா. கழற்றட்டோ?" என்றாள்.

6

"வேண்டாம்" என்றேன். "அந்த றிமோட்டை இஞ்சை கொண்டா."

வாங்கிக்கொண்டு போய்ப் படத்துக்கு நேர் கீழே நின்றேன். அண்ணாந்து பார்த்தேன். அந்தப் படம் வந்து ஒரு மாதமாகிறது, நான் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"குணமண்ணை, கொள்ளி வைக்கிற ஆள் எந்தப் பக்கம் பாத்து நிக்கவேணும்?"

அவருக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. பிறகு கிட்ட வந்தார். "முதுகைக் குடுத்து நிண்டு, கையைப் பின்னுக்கு நீட்டி வைக்கவேணும். வச்சுப்போட்டுத் திரும்பிப் பாராமல் போகவேணும். எது கேட்டாலும் திரும்பக் கூடாது."

"என்னப்பா செய்யிறியள், காஸ் அடுப்பிலை போய்..." என்று தொடங்கிய சுகந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

திரும்பி நின்றேன். எதிரே சாப்பாட்டு மேசை, கழுவாத கோப்பைகள், ஜன்னலில் பனி. கையைப் பின்னால் நீட்டி அமத்தினேன். தும் என்றது. கெண்டைக்காலில் முதலில் சூடு ஏறியது, பிறகு முதுகில். அப்பா என்று வாய்விட்டுச் சொன்னேனா, சொல்ல நினைத்தேனா தெரியாது. நடக்கத் தொடங்கினேன்.

ஹோல் முடிந்து நடை வந்தது. நடை முடிந்து கதவு வந்தது. திறந்துகொண்டு வெளியே இறங்கினேன். சொக்ஸோடுதான். ட்ரைவ்வேயில் பனி கணுக்கால் வரைக்கும் இருந்தது. பின்னாலிருந்து அபி, "அப்பா! ஜக்கெட்! சப்பாத்து!" என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் பனி அள்ளிக்கொண்டிருந்தவர் வழக்கம்போலக் கையைக் காட்டினார். நானும் காட்டினேன். காருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அழுதேன். முப்பது வருடத்தில் அப்பாவுக்காக நான் சத்தம் போட்டு அழுதது அன்றுதான்.

பனியில் மெல்ல மெல்லக் கால் வைக்கிற சத்தம் கேட்டது. குணமண்ணை என் ஜக்கெட்டையும் சப்பாத்தையும் கொண்டுவந்தார். தோளில் ஜக்கெட்டைப் போட்டுவிட்டு, அவரும் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றார்.

"எவ்வளவு நேரம் அண்ணை இப்பிடி நிக்கவேணும்?"

"நிக்கிறேல்லை. சுடலையாலை நேரை வீட்டுக்குப் போறதுதான். அது தன்ரை பாட்டிலை எரிஞ்சு விடியப் பாக்கச் சாம்பலாகியிருக்கும்."

எங்களுக்குப் போக வேறு வீடு இல்லை. இந்த வீட்டுக்குள்தான் எரிகிறது.

"இது காஸ் அண்ணை. தானா எரிஞ்சு முடியாது. ஆராவது நிப்பாட்ட வேணும்."

குணமண்ணை குனிந்து என் கையைப் பார்த்தார். றிமோட்டை அப்படியே கொண்டுவந்துவிட்டிருந்தேன். பெருவிரல் இன்னும் அந்தப் பொத்தானில்தான் இருந்தது. விரல் விறைத்துப் போயிருந்தது.

"தா தம்பி" என்று அவர் கையை நீட்டினார். "நான் அமத்திறன்."

நான் கொடுக்கவில்லை.